மிச்சத் துணியின் வரவுசெலவு

வேலூரில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவளுக்குப் போர்வை எதற்கு என்று கேட்காதீர்கள். என் கணவர், மாமியார், கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் ஆகிய மூவரும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. இங்கே குளிருக்காக யாரும் போர்வை தைப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் மூட்டை இருக்கிறதே, அதற்காகத் தைக்கிறேன்.

மூட்டை தானாக வளரும். வாடிக்கையாளர் ஒரு மீட்டர் துணி கொண்டுவருவார். முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி எல்லாம் வெட்டி முடித்தால் கழுத்துப் பக்கம் பிறை பிறையாகவும், ஓரத்தில் பட்டை பட்டையாகவும் விழும். பிறை எதற்கும் ஆகாது, குப்பைக்குப் போய்விடும். பட்டை ஏதாவது ஒன்றுக்கு ஆகும் என்று தோன்றும். அது எதற்கு என்று தெரிவதற்குள் மூட்டை கட்டிலைத் தூக்க ஆரம்பித்துவிடும்.

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவரிடம் ஒருமுறை இதைத் தள்ளிவிடப் பார்த்தேன். மூட்டையைப் பிரித்தவர் அவிழ்த்த வேகத்திலேயே கட்டினார். “புடவையா குடுங்க, பேண்ட்டா குடுங்க. இதுக்கு ஸ்பூன்கூட வராதும்மா.”

சரி, சிக்கனமாகப் போர்வை தைப்போம் என்று முடிவெடுத்தால், சிக்கனம் அங்கேயே செத்துவிடும். கணக்கைப் பாருங்கள். இரண்டு அங்குலப் பட்டையில் இருபுறமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். வெளியே தெரிவது ஒன்றரை அங்குலம். அதாவது மிச்சத் துணியிலும் கால் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் காலி. 60 அங்குல அகலத்துக்கு 40 பட்டை வேண்டும். நூல்கண்டு கரைந்துகொண்டே இருக்கும், ஊசி முறிந்துகொண்டே இருக்கும். எல்லாம் தைத்து முடித்தால் அடித்துணி எங்கே என்று போர்வை கேட்கும். மேலே ஒட்டுப் போட்டாயிற்று, கீழேயும் ஒட்டுப் போட்டால் படுக்கிறவர் முதுகில் தையல் குத்தும். எனவே கடைக்குப் போய்ப் புதுத்துணி வாங்க வேண்டும். அதை வைத்துத் தைத்து ஓரத்தை நறுக்கினால் நாலு பக்கமும் அருமையான பட்டை விழும். அதை எறிய மனம் வருமா? மூட்டைக்குள் போகும். துணியைத் தீர்ப்பதற்காகத் துணி வாங்குகிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான்.

இனி துணிகளின் குணம். டூ பை டூ ரூபியா சாது. பட்டு பிரிந்து நூல் நூலாகக் கொட்டும். காட்டனுக்குக் காட்டும் சூட்டைப் பாலியெஸ்டருக்குக் காட்டினால் அயர்ன் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் பிற்பாடு அது மட்டும் சுருங்கும். பைப்பிங்குக்காக கிராஸாக வெட்டிய பட்டையோ இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். இவற்றையெல்லாம் ஒரே போர்வையில் சேர்ப்பது தேர்தல் கூட்டணி அமைப்பது போலத்தான். மேடையில் ஒற்றுமையாகத் தெரியும், முதல் சலவையில் அவரவர் சுயரூபம் வெளியே வரும்.

அமெரிக்கர்கள் இந்தப் பட்டைகளுக்கென்றே ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். நடுவில் சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். மரக்கட்டை வீடு என்று அதற்குப் பெயர். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பார்கள், வீட்டின் அடுப்பு என்று அர்த்தமாம். மாமியாரிடம் விளக்கினேன். “இந்த ஊரு வெயில்ல போர்வைக்குள்ள அடுப்பு வேறயா?” என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய் ஈரத்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

கணவரிடம் கலையைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அங்கே கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளையும் ஜீன்ஸ்களையும் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகத் தலையணை உறை தைக்கும் வேலை அவர்களுக்கு வந்தது. கார்டுராய் உறைகள் கடைக்குப் போயின, வெட்டி விழுந்த துண்டுகள் வீட்டுக்குப் போய்ப் போர்வையாகின. 2002இல் அந்த ஊர்ப் போர்வைகளை ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அமெரிக்க அரசு அவற்றைத் தபால்தலையாகவே அச்சடித்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், “உனக்கும் தபால்தலை வரட்டும். அதுவரைக்கும் அந்த மூட்டையைக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடு, என் செருப்பைக் காணோம்” என்றார்.

அவ்வளவு தூரம் போவானேன் என்று பக்கத்து மாநிலத்துக்கு வந்தேன். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் கவாந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைக்க வேண்டும். பூ இல்லாத போர்வை அம்மணமானது என்பது அவர்கள் கட்சி. இது மாமியாருக்குப் பிடித்துவிட்டது. “போர்த்துறவங்க மானம் போனாலும் போர்வை மானம் போகக் கூடாது, சரிதான்” என்றார்.

கடைசி அஸ்திரம் புத்தர். மகத நாட்டு நெல்வயல்களின் வரப்புகளைக் காட்டி, இதே மாதிரி துண்டு துண்டாகச் சேர்த்து பிட்சுக்களுக்குச் சீவர ஆடை தைக்க முடியுமா என்று அவர் ஆனந்தரைக் கேட்டதாக வினய பிடகம் சொல்கிறது. ஆனந்தரும் தைத்துக் காட்டிப் பாராட்டு வாங்கினார். ஆசையைத் துறக்கச் சொன்னவர்கூட வெட்டுத்துணியைத் துறக்கச் சொல்லவில்லை என்றேன். வீட்டில் அன்று யாரும் பதில் பேசவில்லை.

தைத்த போர்வைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஒன்று மேசையில் இஸ்திரி போடுவதற்கு அடியில் கிடக்கிறது. ஒன்று தையல் மெஷினைத் தூசியிலிருந்து காக்கிறது. எங்கள் வீட்டில் போர்வை போர்த்துக்கொண்டு தூங்குவது அந்த மெஷின் மட்டும்தான். மற்றவை குழந்தை பிறந்த வீடுகளுக்குப் போகின்றன. உள்ளே ஒரு பழைய நூல் புடவையை மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டால், துவைக்கத் துவைக்க மிருதுவாகும், பச்சைக் குழந்தைக்கு உறுத்தாது. இத்தனை பாட்டுக்கும் நியாயம் சொல்லும் பயன் இது ஒன்றுதான்.

அதிலும் வில்லங்கம் உண்டு. வாடிக்கையாளர் ஒருவருக்குப் பேத்தி பிறந்தாள். போர்வையோடு போனேன். அந்த அம்மாள் விரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது என் மாம்பழக் கலர் ஜாக்கெட் துணியாச்சே? பத்தலைன்னு சொல்லிக் கையைக் குட்டையா வெச்சியே!”

“பாட்டி துணி பாப்பாவுக்கு ராசிங்கம்மா. அதுக்குன்னே எடுத்து வெச்சேன்” என்றேன். குழந்தை அந்த நேரம் பார்த்துப் போர்வையை நனைத்து, வழக்கை முடித்துவைத்தது.

ஆகவே வாடிக்கையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜாக்கெட் வாங்க வரும்போது மிச்சத் துணியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். நான் இல்லை என்று சொன்னாலும் விடாதீர்கள், கட்டிலுக்கு அடியில் பாருங்கள். அது உங்கள் துணி. மறந்துவிட்டுப் போனால், உங்கள் வீட்டு அடுத்த பிரசவத்துக்கு அது நிச்சயம் உங்களைத் தேடிக்கொண்டு வரும்.