ஜுரு சேறும் ஜப்பான் டாங்கியும்: 35-இல் ஒரு பங்கு ஆராய்ச்சி

மேசை மேல் நிற்கும் பிளாஸ்டிக் டாங்கியின் சங்கிலிப் பட்டையில் எந்த ஊர்ச் சேற்றைப் பூசுவது? மலாயாப் போரைப் பற்றி இத்தனை நூல்கள் வந்தும் இதற்கென்று ஓர் அத்தியாயம் இல்லாதது பெருங்குறை. அதை நிவர்த்தி செய்யப் பினாங்கின் ஜுருவைவிடத் தோதான இடம் இல்லை. கெராங் சிப்பி விளையும் ஆற்று முகத்துவாரத்தில் அலையாத்திக் காட்டின் சாம்பல் களிமண். புக்கிட் மெர்தாஜம் பக்கம் உள்ளே போனால், பால்மரம் நின்று பிறகு செம்பனை வந்த மேட்டில் செம்மண். நடுவே டோல் சாவடி. அங்கே வரிசை பிடித்து நிற்கும் லாரிகளின் மட்கார்டைப் பார்த்தாலே போதும், எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். ஆய்வுக்கு இப்படி இலவசத் தரவு வேறெங்கே கிடைக்கும்?

முதலில் அளவு. உலகம் முழுக்க மாடல் கட்டுவோர் வேதமாகக் கொண்டிருக்கும் 35-இல் ஒரு பங்கு என்ற அளவு எந்தப் பொறியியல் கணக்கிலும் பிறந்ததல்ல. 1960-களின் தொடக்கத்தில் ஷிசுவோகாவின் தமியா நிறுவனம் ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை மோட்டார் வைத்த பொம்மையாகச் செய்தது. உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும். அதற்கேற்ற பருமனில் உடலை அமைத்தார்கள். பின்னால் அளந்து பார்த்தபோது அது ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்தது. துல்லியத்துக்காக ரிவெட்டை எண்ணிக்கொண்டு சண்டைக்கு நிற்பவர்கள் நிற்பது இந்த இரண்டு பேட்டரி மேல்தான்.

மலாயாவில் இறங்கிய ஜப்பானியரின் 95-ஆம் வகை ஹா-கோ டாங்கியின் நீளம் 4.38 மீட்டர். மேசைக்கு வந்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதன் கவசத்தின் அதிகபட்சக் கனம் 12 மில்லிமீட்டர்தான். மாடலில் அது 0.34 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். ஆனால் பெட்டியில் வரும் பிளாஸ்டிக்கின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 35 மில்லிமீட்டர்! நிஜ டாங்கியைவிட அலமாரி டாங்கிக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பாதுகாப்பு. இதைப் பற்றி மட்டும் ரிவெட் எண்ணுவோர் வாய் திறப்பதில்லை.

அடுத்தது நிறம். அன்றைய ஜப்பானிய டாங்கிகளின் காக்கி, பழுப்பு, பச்சைத் திட்டுகளுக்குக் குறுக்கே மஞ்சள் பட்டை ஒன்று ஓடியது. மலாயாவுக்கு வந்த இந்த டாங்கியில் அது இருந்ததா என்று கேட்டால் கருப்பு வெள்ளைப் படத்தைத்தான் நீட்டுவார்கள். சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளில் செம்மண் கறுத்துத் தெரியும். அதைப் பார்த்து எண்ணெய்க் கசிவென்று முடிவு கட்டியவர் இருந்தால் வியப்பதற்கில்லை. அருங்காட்சியகமும் கைகொடுக்காது. தோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்தில் நிற்கும் 97-ஆம் வகை சி-ஹா, சைப்பான் தீவிலிருந்து மீட்டு வந்தது. இன்று அதன் மேல் இருப்பது மீட்டவர்கள் பூசிய வண்ணம்.

இனி சேறு. ஜுரு களிமண்ணை வெயிலில் காயவைத்து, அம்மியில் பொடித்து, இடியாப்ப மாவு சலிக்கும் சல்லடையில் சலிக்க வேண்டும் (வீட்டம்மாவின் அனுமதி ஆய்வு நெறிகளில் முதன்மையானது). களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. 35 மடங்கு ஆனாலும் பொடி மணலைத் தாண்டாது. செம்மண்ணிலோ இரண்டு மில்லிமீட்டர் சரளை ஒன்று தப்பி வந்தால் மாடலில் ஏழு சென்டிமீட்டர் கல்லாகிவிடும். ஆக, துகளில் ஜெயிப்பது ஜுரு.

ஆனால் வரலாற்றில் தோற்கிறது; இங்கே சொல்லப்போகும் சண்டைகள் நடந்தது வேறு ஊர்களில். பிரிட்டிஷ் தரப்பில் அப்போது மலாயாவில் ஒரு டாங்கியும் இல்லை. லான்செஸ்டர் போன்ற கவச வண்டிகளை வைத்துச் சமாளித்தார்கள். 1941 டிசம்பர் 11, 12-இல் ஜித்ராவில் போர் நடந்தபோது கொட்டும் மழை. அங்கே சேறு உண்டு, தாராளமாகப் பூசலாம். 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியலுக்கு முன் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் 11-ஆவது இந்தியப் படைப்பிரிவைப் பிளந்துகொண்டு போயின. அவை போனது தார் போட்ட பெருஞ்சாலையில். வத்தனாபே என்ற ஜப்பானிய லெப்டினன்ட் இறங்கி, பாலத்து வெடியின் கம்பியை வாளால் வெட்டினார் என்பது பலர் எழுதிய செய்தி. அவர் பூட்ஸில் கணுக்கால்வரை சேறு பூசுகிறவர் தார்ச் சாலையை மறந்தவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டயர் வெடித்த சைக்கிள்களை ஜப்பானியர் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் கேட்டு, டாங்கி வருகிறதென்று எதிர்த்தரப்பு மிரண்டது என்று ஜப்பானியப் படை அதிகாரி சுஜி மசனோபு தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆகவே சில இரவுகளின் டாங்கியைத் துல்லியமாகச் செய்ய விரும்புவோர் சைக்கிள்தான் வாங்க வேண்டும்.

தீர்ப்பு இது: ஜித்ரா காட்சிக்குச் சேறு, சிலிம் ரிவர் காட்சிக்குச் சாலைப் புழுதி மட்டும். ஜுருக் களிமண்ணை எதிலும் சேர்க்க வேண்டாம். அப்படியும் சலித்து வைத்த மாவு வீணாகக் கூடாது என்று நினைப்பவர், ஆற்றோரத்தில் சிக்கிய இன்றைய நாலு சக்கர வண்டி ஒன்றைச் செய்து அதன் மேல் பூசிக்கொள்ளலாம்.