ஒரு நாற்காலி, இரண்டு தலைமையாசிரியர்கள்

கேரளத்தில் 2023-24 முதல் ஆண், பெண் தனிப்பள்ளிகளே கூடாது என்று குழந்தை உரிமை ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. கழிப்பறைகளைச் சீராக்குங்கள், பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தே சொன்னது. அரசோ அவசரப்படவில்லை, பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டால் பார்க்கலாம் என்றது. (சங்கம் ஒருமனதாகக் கேட்பதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.)

அப்படியும் ஒன்றாக இணைந்த ஆண், பெண் பள்ளிகள் ஜூன் மழையோடு திறக்கும். பிள்ளைகள் முதல் இடைவேளைக்குள் பழகிவிடுவார்கள். பெரியவர்கள் பாடுதான் திண்டாட்டம்: தலைமையாசிரியர்கள் இருவர், நாற்காலி ஒன்று, ஆண்டு விழாவும் ஒன்றுதான், பொன்னாடைக்குக் காத்திருக்கும் சங்கத் தலைவர்களோ இரண்டு பேர். பெயர்ப்பலகையில் 'பெண்கள்' என்பதைப் பெயின்ட் அடித்து மறைத்தாயிற்று. கழிப்பறைக் கதவில் 'ஆண்கள்' என்று எழுதத்தான் இன்னும் டெண்டர் விடவில்லை.