ஆகவே தம்பி

எட்டாம் வகுப்பு, மூன்றாம் பெஞ்சு. எல்லாப் பள்ளியிலும் இவன் இருக்கிறான். பெயர் எதுவானாலும் நமக்கு 'ஆகவே தம்பி'தான். 'இணைப்புச் சொற்களைப் பயன்படுத்தி எழுதுக' என்று டீச்சர் சொன்ன அன்றைக்கே பிள்ளையைச் சனி பிடித்துக்கொண்டது.

கட்டுரைத் தலைப்பு, மாணவர்களுக்குக் கைபேசி தேவையா? முதலில் குறிப்புச் சட்டம். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டுவான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றுக்கும் ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு. பிறகு வாதம் கிளம்பும்:

"கைபேசி மிகவும் தேவை. ஏனெனில் அது அவசியம். மேலும் அது முக்கியம். எனினும் கண் கெடும். அதுமட்டுமின்றி அதில் கேமரா உள்ளது. ஆகவே மாணவர்கள் நாள்தோறும் உடற்பயிற்சி செய்ய வேண்டும்."

உடற்பயிற்சி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். போன பரீட்சைக்கு மனப்பாடம் செய்த முடிவுரை, வீணாகலாமா?

இணைப்புச் சொல்லும் இடைச்சொல்தான். இடைச்சொல் தானாக நடக்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும் என்று தொல்காப்பியர் இடையியலில் சொல்லிவைத்தார். தம்பியின் நோட்டை அவர் பார்த்ததில்லை. இங்கே இடைச்சொற்கள் மட்டும்தான் நடக்கின்றன. வாதம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

வாதாடவே தெரியாத பிள்ளையோ? சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து பாருங்கள்.

"ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப் குரூப்லதான் வருது. அப்போ போன் இல்லாம எப்படிம்மா எழுதுறது?"

"கண்ணு கெட்டுப்போகும்டா."

"கெடும்தான், இல்லைங்கல. ஆனா நீ ராத்திரி வரைக்கும் சீரியல் பாக்குறியே, உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு? சரி, அரை மணி நேரம் மட்டும் குடு. இல்லன்னா டீச்சர் திட்டுவாங்க, உன்னையும் கூப்பிட்டு விடுவாங்க."

அம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறான், மடக்குகிறான், கொஞ்சம் இறங்கியும் வருகிறான். கடைசியில் லேசாக மிரட்டவும் செய்கிறான். 'அப்போ', 'ஆனா', 'இல்லன்னா' ஒவ்வொன்றும் வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்கிறது. போன் கைக்கு வந்துவிடுகிறது.

மறுநாள் பேனா மூடியைக் கழற்றியதும் அத்தனை சாமர்த்தியமும் ஆவி. 'எனினும்' என்று ஆரம்பிக்கிறான். எதற்கு எனினும்? அவனுக்கே தெரியாது. ஆனால் ஒன்று தெரியும்: கட்டுக்கட்டாக நோட்டு திருத்தும் டீச்சரின் கண்ணில் 'ஏனெனில்' பட்டால் ஒரு டிக், 'ஆகவே' பட்டால் இன்னொன்று.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை 'ஆகவே'வுக்கு டிக் அடிக்கும் முன்னால் அதற்கு முந்தின வரியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.