அஞ்சு பி.எஸ்.ஐ. அறிவு

பழைய வண்டி வாங்கப் போனால் விவரம் தெரிந்தவர்கள் குனிந்து அடியைப் பார்ப்பார்கள். நான் நிமிர்ந்து நின்று கலரைப் பார்த்தேன். நல்ல சிவப்பு. முன்னாலும் பின்னாலும் சாமான் கட்டக் கம்பித் தட்டு, புஷ்டியான நாலு டயர். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், ஜோராக ஓடியது. விற்கிறவர் வாசலில் எல்லா வண்டியும் ஜோராகத்தான் ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இடம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். வாரகல் ஊருக்கு அப்பால் கொஞ்சம் நிலம், கொஞ்சம் செம்மறி ஆடு, நிறையச் சேறு. இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குவாட் பைக் என்கிற நாலு சக்கர வண்டியில் ஏறித்தான் வேலியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் பண்ணைக்காரன்தானே என்று தோன்றிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் எக்ஸெல் ஷீட் பார்க்கிற பண்ணைக்காரன்.

புதுசாக வாங்கியிருக்கலாமே என்பீர்கள். 2021 அக்டோபர் 11 முதல் இங்கே விற்கிற புதுப் பண்ணைக் குவாட் ஒவ்வொன்றிலும், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் அடியில் நசுங்காமல் காக்கும் தடுப்பு இருந்தாக வேண்டும் என்று சட்டம். முந்நூறு கிலோ வண்டி மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இதை ஒட்டி ஹோண்டா, யமஹா போன்ற கம்பெனிகள் அந்த ரகத்தை இங்கே விற்பதையே விட்டுவிட்டன. 'அதனாலதான் பழசு வாங்கினேன்' என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையான காரணம் விலை.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பாவம், அவர்கள் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பியிருக்கிறார்கள். கெட்ட பேர் ஒருத்தருக்குப் போதும்.

முதல் குளிர்காலம் வந்தது. மழையில் யார் வேலி பார்ப்பது? வண்டியை ஷெட்டில் தள்ளிவிட்டு மறந்துபோனேன். வெயில் வந்ததும் போய் ஸ்டார்ட் செய்தால், சோக்கை இழுத்தால் ஓடுகிறது, சோக்கை விட்டால் பொசுக்கென்று நின்றுபோகிறது. ஸ்பார்க் பிளக் மாற்றினேன். பெட்ரோல் போட்ட பங்க்கைத் திட்டினேன். திட்ட வேறு ஆள் கிடைக்காமல் பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் போய் நின்றேன்.

அவர் எழுபதைத் தாண்டியவர், பால் பண்ணை வைத்திருக்கிறார். வாய் அதிகம் பேசாது, கை பேசும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு சின்ன ஸ்குரூவைத் திருகினார். பழுப்பாக ஏதோ வழிந்தது, வார்னிஷ் நாற்றம். நின்ற இடத்திலேயே பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி, பைலட் ஜெட்டில் இருக்கும் மயிரிழை ஓட்டையை அடைத்துவிட்டதாம். "ரொம்ப நாள் நிறுத்தறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேப்பை மூடிட்டு இந்தக் கிண்ணத்தைக் காலி பண்ணணும், மேட்" என்றார். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் இருக்க நான் ஒரு குளிர்காலம் முழுக்க ஓய்வெடுத்திருக்கிறேன்.

அடுத்து பேட்டரி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓட்டி, அணைத்துவிட்டு அடுத்த ஞாயிறு வரை போகாவிட்டால், ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜ் திரும்ப ஏறவே நேரம் இருக்காது. வாரா வாரம் இளைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் பட்டனை அழுத்தினால் சோலனாய்டு 'டிக்' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஓய்ந்தது. "ஏங்க, ஆடு காத்துக்கிட்டிருக்கு" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து. ஆடு காத்திருக்கவில்லை. வேலியைத் தாண்டிப் பெரியவர் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது.

டயர் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கார் கேஜை வைத்துப் பார்த்தேன், முள் அசையவே இல்லை. அடடா, காத்தே இல்லையே என்று கம்ப்ரஸரை மாட்டிக் கார் டயருக்கு அடிக்கிற மாதிரி முப்பது அடித்தேன். குவாட் டயருக்கு வேண்டியது சுமார் 5 பி.எஸ்.ஐ. அந்தச் சொற்பக் காற்றில் டயர் அமுங்கிக் கொடுத்தால்தான் சேற்றில் பிடிமானம் கிடைக்கும், உட்கார்ந்திருப்பவர் இடுப்புக்கும் நிம்மதி. கூடுதலாக அடித்தால் வண்டி துள்ளும், கவிழவும் பார்க்கும். இதை அளக்கத் தனியாக லோ பிரஷர் கேஜ் இருக்கிறது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்று பின் மட்கார்டில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல்தான் நான் காபி டம்ளரை வைப்பது வழக்கம்.

இனி பெல்ட். நம்மூர் ஸ்கூட்டியில் இருக்கிற சங்கதிதான்: இரண்டு புல்லி, நடுவே ஒரு ரப்பர் பெல்ட், கியர் மாற்றும் தொல்லை கிடையாது. ஆனால் குவாட்டில் எச் (ஹை), எல் (லோ) என்று இரண்டு நிலை உண்டு. எல் என்றால் வயசானவர்களுக்கு என்று நினைத்து, மானம் கருதி எப்போதும் எச் நிலையிலேயே ஓட்டினேன். ஒருநாள் விறகு ஏற்றிய டிரெய்லரை மாட்டி மேட்டில் ஏற்றினேன். பாரம் கனமாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும்போது எச் நிலையில் போனால் பெல்ட் வழுக்கும், சூடேறும், வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும். எல்லில் போயிருந்தால் வம்பே இல்லை. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் அந்த இடத்தைத் தாண்டிவிட இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன்.

பெல்ட் நனைந்தாலும் இதே கூத்துதான். ஓடையில் இறங்கினேன், பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது, என்ஜின் அலறுகிறது, சக்கரம் சும்மா நிற்கிறது. பெட்டியின் அடியில் டிரெயின் பிளக் இருக்கிறது. அதைத் திறந்து தண்ணீரை வடித்து, நியூட்ரலில் கொஞ்ச நேரம் முறுக்கினால் காய்ந்துவிடும். நான் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மனைவியுடையது. இன்றுவரை அதில் சேற்று வாசம் வருகிறதாம்.

சேறு காய்ந்து ரேடியேட்டரை அடைத்தால் என்ஜின் கொதிக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, சுத்தத்தில் இறங்கினேன். பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். பெரியவர் வேலி ஓரம் நின்று தலையை ஆட்டினார், மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேகத்துத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும், ஒயர் கனெக்டருக்குள் புகுந்துவிடும், வீல் பேரிங்கின் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். சாதாரண ஹோஸ் பைப்பில் பொறுமையாகக் கழுவ வேண்டியது. சேற்றில் கிடந்தவரை வாயைத் திறக்காத பேரிங், குளிப்பாட்டிய பிறகு முனக ஆரம்பித்தது.

கோடையில் ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்சைக் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, பளிச்சென்று திரும்ப மாட்டினேன். அதில் எண்ணெய் தடவ வேண்டும், எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? வறண்ட ஸ்பாஞ்ச் நுண்ணிய மண்ணை அப்படியே உள்ளே விட்டுவிடும். அது சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும், என்ஜின் ஆயில் எரியத் தொடங்கும், பின்னால் நீலப் புகை வரும். சிகரெட் தொடாத எங்கள் குடும்பத்தில் இப்போது புகை விடுவது அது ஒன்றுதான்.

கடைசியாக முன் அச்சு. சக்கரத்தை ஒட்டிய மூட்டின் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். குச்சி குத்தி அதில் சின்னதாக ஒரு கிழிசல். அந்த வழியாக கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும். பூட்டை அப்போதே மாற்றினால் சில்லறைச் செலவு. விட்டால் மூட்டே தேய்ந்து, அச்சையே மாற்ற வேண்டிவரும். இந்த ஒரு விஷயம் எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தே டேப் சுற்றிவைத்தேன்.

இப்போது இடப்பக்கம் ஒடித்தால் 'கடக் கடக்' என்கிறது. வலப்பக்கம் ஒடித்தால் சத்தமே இல்லை. அதனால் நிலத்தை வலமாகவே சுற்றிவருகிறேன். கேட் இடப்பக்கம் இருப்பதால் வெளியே வர ஒரு முழுச் சுற்று தேவைப்படுகிறது. பெரியவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மனைவிதான் விடவில்லை. "பிரதட்சிணமாத்தானே வர்றீங்க, அப்படியே பெட்ரோல் தீர்றதுக்குள்ள வீடு வந்து சேரணும்னு வேண்டிக்கோங்க" என்றாள்.

பெட்ரோல் முள் வேலை செய்யாததை நான் அவளிடம் சொல்லவே இல்லையே.