போறதே போறோம்

ஜப்பானின் ஹிரோசாகிக்குப் போவது, ட்சுகாரு ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்துக்கான போட்டியில் குழுப் பிரிவில் ஏறி ஒரு உருப்படி வாசிப்பது, திரும்பி வருவது. திட்டம் இவ்வளவுதான். இதை ஒரு தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்திருந்தால் எப்போதோ டிக்கெட் கைக்கு வந்திருக்கும். ஆனால் எங்கள் குழுவில் ஒரு ‘போறதே போறோம்’ ஆசாமி இருக்கிறார். உங்கள் குழுவிலும் இருப்பார். அவர் கையில் ஷாமிசெனுக்குப் பதிலாக இருமுடி இருக்கும், அல்லது கல்லூரித் தோழர்கள் கூடும் விழாவின் வசூல் நோட்டு இருக்கும். ஆள் ஒன்றுதான்.

இந்த ஆசாமிகள் எதையும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். முதலில் தலையை நன்றாக ஆட்டுவார்கள். “பிரமாதம், இதுதான் சரி” என்பார்கள். பிறகு சின்னதாக ஒரு கனைப்பு.

“தம்பி, போறதே போறோம். டோக்கியோவுல இறங்கித்தானே போகணும்? அப்படியே கபுகி-சாவுல ஒரு ஆட்டம் பாத்துடலாமே.”

இதில் என்ன குற்றம் சொல்வீர்கள்? கபுகி நாடக அரங்கான கபுகி-சா டோக்கியோவின் கின்சாவிலேயே இருக்கிறது. நாள் முழுக்க உட்கார வேண்டியதில்லை. ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் நாலாவது மாடியில் சீட்டு கொடுக்கிறார்கள். மெல்லிய கழுத்து ஷாமிசென்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே கையாக மீட்டுவதை நாங்களும் பார்க்க வேண்டியதுதான். சரி என்றோம். ஒரு ‘சரி’ வாங்கியவரிடம் அடுத்த ‘சரி’யை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

நாங்கள் சிங்கப்பூரில் வார இறுதியில் கூடி மூன்று தந்திகளைத் தட்டும் கூட்டம். பல இனம், பல வயது. தமிழர் என்றால் அவரும் நானும்தான். ஆகவே அவரை அடக்கும் பொறுப்பு எனக்குத்தான் என்று மற்றவர்கள் ஏகமனதாக முடிவு செய்துவிட்டார்கள். அண்ணன் எனக்கு மூத்தவர், வாசிப்பிலும் மூத்தவர். நான் எங்கே அடக்குவது?

அடுத்த வாரம் ஒசாகா வந்தது. அங்கே 1984-இல் திறந்த தேசிய புன்ராக்கு அரங்கு இருக்கிறது. பொம்மலாட்டத்துக்குக் கதை சொல்பவர் ஒருவர், பக்கத்தில் தடித்த கழுத்து ஷாமிசெனுடன் ஒருவர். நாங்கள் வாசிக்கும் ட்சுகாருவுக்கும் தடித்த கழுத்துதான். “அப்ப நமக்குப் பெரியப்பா வீடு மாதிரி தம்பி அது. ஊருக்குப் போயிட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போகாம வர்றதா?” என்றார். அந்த அரங்கில் வருடம் முழுக்க ஆட்டம் கிடையாது, சில மாதங்களில் மட்டும்தான். நாங்கள் போகும் வாரத்தில் ஆட்டம் உண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்று கையை வீசினார். சேர்ப்பது இன்று, பார்ப்பது அப்புறம்; இவர்களுடைய பஞ்சாங்கமே அப்படித்தான்.

ஹிரோசாகி இருப்பது வடக்கே. டோக்கியோவிலிருந்து ஷின்-அவோமோரிக்கு ஷின்கான்சென்னில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து உள்ளூர் ரயில். ஒசாகா மேற்கே. ஒரு ஊருக்குப் போக மற்றொன்றுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.

ஒசாகா வந்தபின் சகாய் வராமல் இருக்குமா? 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த வாத்தியம் ஓகினாவாவிலிருந்து கடல் வழியாக வந்து இறங்கிய துறைமுகம் சகாய்தான். பிவா என்ற தந்தி வாத்தியம் வாசித்துக் கதை சொல்லிப் பிழைத்த கலைஞர்கள் அதைக் கையில் எடுத்து, பெரிய மட்டையால் அடித்து வாசிக்க ஆரம்பித்தார்கள். பாம்புத் தோலுக்குப் பதில் பூனைத் தோலும் நாய்த் தோலும் ஏறின. இதையெல்லாம் அண்ணன் சொல்லும்போது கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் கனைப்பார்.

“சகாய்க்கு எங்கேர்ந்து வந்துச்சு? ஓகினாவாவுலேர்ந்து. அப்படியே அங்க நாஹா போய், இதோட மூதாதை சன்ஷினப் பாத்துட்டு வந்துடலாம்.”

நாஹாவிலிருந்து அவோமோரிக்கு நேர்கோடு போட்டாலே சுமார் 2,000 கிலோமீட்டர். அதுகூடப் பரவாயில்லை. வரலாற்றில் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தவரை எந்த ஊரில் நிறுத்துவது? ஓகினாவாவுக்கு இது வந்தது சீனாவிலிருந்து. அங்கே இதன் மூலமான சான்ஷியன் இன்னும் இருக்கிறது. இதை எங்களில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இருக்காது. அடுத்த கூட்டத்துக்கென்று வைத்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

பயிற்சி அறையில் அவர் ஒரு ஜப்பான் வரைபடம் மாட்டியிருந்தார். அறுந்துபோன பட்டுத் தந்திகளைச் சேர்த்து வைத்து, குண்டூசி குத்தி, ஊருக்கு ஊர் இழுத்துக் கட்டியிருந்தார். ஷாமிசென் பட்டுத் தந்திக்கு மஞ்சளில்தான் சாயம் ஏற்றுவது வழக்கம். ஆகவே வரைபடம் முழுக்க மஞ்சள் கயிறு, பார்த்தால் ஜப்பானுக்கே காப்புக் கட்டியது போல. டோக்கியோவில் மட்டும் ஆறேழு முடிச்சு. ஒரு நாள் பிவா ஏரியின் வடக்குக் கரையில் புதிதாக ஒரு ஊசி முளைத்திருந்தது. கேட்டால், கினோமோட்டோவாம், இந்தத் தந்தி திரிக்கிற ஊராம். தந்தியைத் தொட்டுக் காட்டி, “இதோட சொந்த ஊரு தம்பி” என்றார். அன்றைய பயிற்சியில் சுருதி சேர்த்ததோடு சரி.

இடையில் ஸ்டவ் ரயில் என்று ஒன்று வந்து போனது. கோஷோகவாராவிலிருந்து கிளம்பும் சின்ன ரயில் பாதையில், பெட்டிக்குள்ளே நிலக்கரி அடுப்பு வைத்து, அதன் மேல் காய்ந்த கணவாயை வாட்டித் தின்றுகொண்டே பனிக்குள் போவார்கள். அற்புதமான சமாசாரம்தான். ஓடுவது டிசம்பர் முதல் மார்ச் வரை. போட்டி நடப்பது மே மாதத் தொடக்கத்தில். இதைச் சொன்னதும் மனிதர் அசரவே இல்லை. “அப்ப டிசம்பர்ல ஒரு தடவை போவோம். போறதே போறோம்...” எங்கே போகிறோம் என்று அதட்டிக் கேட்டேன். பதில் இல்லை.

சிரித்துக்கொண்டே எழுதி வந்தேன். இனிமேல் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குழுவில் ஒரு நர்ஸ் இருக்கிறார். அவருக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஒரு வார விடுமுறை, அதுவும் பல மாதங்களுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்தால். “கேட்டா குடுப்பாங்கம்மா” என்று அண்ணன் அவருக்குத் தைரியம் சொன்னார். கொடுக்க மாட்டார்கள் என்று கேட்பவருக்குத் தெரியும். இன்னொரு பையன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவன், மாதாமாதம் எடுத்து வைத்துப் பயணத்துக்குச் சேர்த்தவன். வடக்கே மட்டும் போவதென்றால் அந்தப் பக்கத்து ரயில்களுக்கென்றே தனிச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒசாகாவும் சேர்ந்தால் நாடு முழுவதற்குமான ரயில் பாஸ் வேண்டும். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் ஒரே தாவலில் 50,000 யென் ஆனது. அண்ணனின் ஒவ்வொரு ‘அப்படியே’வும் அந்தப் பையன் தலையில் விடிகிறது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. குழுச் செய்திகளுக்குப் பதில் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலைகள் வேறு. மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ட்சுகாரு மட்டையின் நுனி அழுங்காமை ஓடு. மற்ற பாணிகளில் தந்த மட்டை உண்டு. இரண்டையும் உரிய அனுமதித் தாள் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. யார் யாரிடம் எது இருக்கிறது என்று கேட்டு, ஆமையோட்டு மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நுனி மட்டையோடு வரச் சொல்லி, கழுத்தை மூன்றாகக் கழற்றி எல்லோருடைய வாத்தியமும் விமானத்தில் கைப்பெட்டியாகப் போகுமா என்று அளந்து பார்த்தவர் எங்கள் பொருளாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் ஊறிய தோல் ஓட்டல் அறையின் வறண்ட காற்றில் கிழியாமல் இருக்க என்ன செய்வது என்று விசாரித்தவரும் அவர்தான். மே முதல் வாரம் ஜப்பானில் ஊரே விடுமுறையில் இருக்கும். ஹிரோசாகிக் கோட்டையில் செர்ரித் திருவிழாவும் சேர்ந்துகொள்ளும். அறை இப்போதே போடாவிட்டால் கிடைக்காது என்று அவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அண்ணனுக்கு ஊர் ஊராகச் சேர்ப்பதில் இருக்கும் ருசி இதில் இல்லை. சேர்க்கிறவருக்குப் பேர், கழிக்கிறவருக்குப் பழி. “அந்தம்மா எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுது தம்பி” என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

சாமான்கள் பேச்சில் அவர் கலந்துகொண்டது ஒரே ஒரு தடவை, செம்மரம் வந்தபோது. உயர்ந்த ஷாமிசெனின் கழுத்துக்கு ஜப்பானியர் விரும்பும் மரம் ‘கோகி’. அது சாட்சாத் நம் சேஷாசலம் மலைச் செம்மரம்தான். அண்ணனிடம் இருப்பது அது. ஏர்போர்ட்டில் பிடித்தால் பேப்பரில் படம் வரும் என்று மற்றவர்களைக் கிலி பிடிக்க வைத்தார். பொருளாளர் மறுநாளே விதியைத் தேடி எடுத்து வந்தார். செம்மரம் 1995-லிருந்து பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது கட்டை, சீவல், தூள், சாறு ஆகியவற்றுக்குத்தான், செய்து முடித்த வாத்தியத்துக்கு இல்லை. அண்ணன் முகம் மலர்ந்தது. வாத்தியத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். கனைத்தார்.

“தம்பி, இது பொறந்த மலை நம்ம திருப்பதி மலைதானே? வேண்டுதல் ஒண்ணு ரொம்ப நாளா நிக்குது. திரும்பி வர்றப்ப அப்படியே...”

ஜப்பானிலிருந்து சிங்கப்பூருக்கு, திருப்பதி வழியாக. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இவ்வளவுக்கும் அவர் இல்லாத குழுவை நினைத்துப் பார்த்தால் நன்றாக இல்லை. ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு அவர் கனாகி ஊரைப் பற்றிச் சொன்னார். அந்த ஊர்ப் படகோட்டியின் மகன் நிதாபோ. 1857-இல் பிறந்தவர், சிறு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனவர். பார்வையற்ற கலைஞர்கள் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று வாசித்து, அரிசியோ காசோ வாங்கிப் பிழைத்த காலம். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்க வேண்டுமானால் வாசிப்பு சுவரைத் தாண்டிக் கேட்க வேண்டும். அதனால்தான் இந்த அடி, இந்த வேகம் என்றார். ட்சுகாரு பாணிக்கு அவரைத்தான் மூலவர் என்கிறார்கள். அண்ணன் இதைச் சொல்லிவிட்டு ஒரு அடி அடித்துக் காட்டினார். அந்த அடியை நான் இரண்டு வருடமாகத் தப்பாக அடித்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிக்கொடுக்கும்போது மனிதர் ஒன்றையும் கூடச் சேர்ப்பதில்லை, குறைப்பதும் இல்லை. பயணத்தில் மட்டும் ஏன் இப்படி என்பது தெரியவில்லை.

போன வாரம் பொருளாளர் பொறுமை இழந்தார். வரைபடத்தின் முன் நின்று ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதலில் நாஹா, பிறகு சகாய், ஒசாகா, பிவா ஏரி. அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கனாகிக்கு வந்ததும் கை நின்றது. ஹிரோசாகியிலிருந்து அரை நாளில் போய்வரலாம். ட்சுகாரு ஷாமிசென் மன்றம் அங்கேதான் இருக்கிறது, நேரடியாக வாசித்தும் காட்டுவார்கள். அந்த ஊசியை விட்டுவிட்டார். கபுகி-சாவும் ஒரு அங்கத்துக்குப் பிழைத்தது. டோக்கியோவில் ஓர் இரவு, ஹிரோசாகியில் நாலு, திரும்பும்போது டோக்கியோவில் ஒன்று. நர்ஸின் விடுமுறைக்குள் அடங்குகிறது. அண்ணன் சண்டை போடுவார் என்று பயந்தோம். “பிரமாதம், இதுதான் சரி” என்றார். முதல் ஆளாகப் பணம் கட்டியவரும் அவர்தான். அந்தப் பையனும் கட்டிவிட்டான்.

விமான டிக்கெட் அன்றைக்கு ராத்திரியே போட்டாயிற்று, பெயர் மாற்றவோ தேதி மாற்றவோ முடியாத டிக்கெட்டாகப் பார்த்து. போட்டியில் வாசிக்கப்போகும் உருப்படியான ஜொங்கரா-புஷியின் நடுப்பகுதி மட்டும் இன்னும் சேர்ந்து வரவில்லை. ஆளுக்கொரு வேகத்தில் ஓடுகிறோம். வருகிற சனிக்கிழமையிலிருந்து மூன்று மணி நேரமும் வாசிப்பு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். வரைபடத்தைக் கழற்றி அண்ணன் வீட்டுக்கே அனுப்பிவிட்டோம்.