வேப்பிலை அங்கிள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தாமானுக்கு ஒருவராவது இருப்பார். தரை வீடு, இரும்பு கேட், கேட்டுக்குப் பின்னால் டைகர் என்று ஒரு நாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈபிஎஃப் பணத்தை எடுத்த மறுமாதமே அவருக்குள் ஒரு சித்த வைத்தியர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். முதலில் வீட்டு ஆட்களிடம்தான் முயன்று பார்ப்பார். மகள் சுபாங் ஜெயா கொண்டோவில். ஷாம்பூ தவிர வேறெதுவும் அவள் தலையில் ஏறாது. மகன் சிங்கப்பூரில். பேரன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே கார் சாவியைத் தேடுவான், ஓட்டத் தெரியாத வயதில். “உங்க தலையிலயே தேச்சுக்குங்க” என்பாள் மனைவி. அவர் தலையில் தேய்க்க முடி இல்லை. மிச்சம் டைகர்தான்.

சனிக்கிழமை காலை தெங்கு கிளானா சாலையில் கடைக்குப் போவார். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் என்றால் துன் சம்பந்தன் சாலை.

“சீயக்காய் யாருக்குண்ணே, அக்காவுக்கா?”

“டைகருக்குப்பா.”

கடைக்காரர் முகத்தில் ஒன்றும் தெரியாது. இவரைப் போல எத்தனை பேரைப் பார்த்தவர்! வேப்பெண்ணெய், மஞ்சள்தூள், சாம்பிராணி எல்லாம் பைக்குள் போகும். வேப்பிலை மட்டும் காசு கொடுத்து வாங்க மாட்டார். அம்மன் கோயில் மரம் இருக்கிறதே. செம்பருத்தி வேலியோரம். 1960-இல் அது தேசிய மலரான மரியாதைக்காகப் பூவைத் தொடாமல் இலையை மட்டும் உருவுவார். எல்லாம் மனைவியின் பிளண்டரில் அரைபடும். அன்று மதியச் சம்பாலில் வேம்பு கசக்கும்.

டைகர் ஆண் நாய், அதனால் சனிக்கிழமை. பெட்டையாக இருந்தால் வெள்ளி. சாஸ்திரம் நாலு காலுக்கும் உண்டு.

கொல்லையில் மின்னல் எஃப்எம் பழைய பாட்டைப் போட்டுவிட்டு, வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றுவார். காதின் அடிப்பக்கம், பிடரி, தோள்பட்டை என்று கட்டைவிரல் மெல்ல வட்டம் போடும். டைகரின் கண் சொருகும். பின்னங்கால் ஒன்று தானாகக் காற்றை உதைக்கும். இந்த ஒரு விஷயத்தில் அங்கிளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் மக்கள் தீ கோங் சாமிக்குக் கரும்பு வைத்துக் கும்பிட, கிள்ளானே வெடித்துத் தீர்க்கும்போது, கட்டிலுக்கடியில் நடுங்கும் டைகரை அந்தக் கட்டைவிரல்தான் கொஞ்சமாவது அடக்கும்.

அதோடு நிறுத்தினால் தேவலை. அடுத்து வேப்பிலை மஞ்சள் பூச்சு. வெள்ளை நாய், பத்துமலைக்குக் காவடி நேர்ந்துகொண்ட பக்தனைப் போல மஞ்சளாக நிற்கும். பிறகு சாம்பிராணி. நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள மூக்கு அது, அடுக்கடுக்காய்த் தும்மும். “பார்த்தியா, சளி வெளியாவுது” என்பார்.

தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரம்மா பிடித்துக்கொண்டார். “எலுமிச்சம்பழம் தேய்க்காதீங்க அங்கிள், நம்ம தோல் வேற, அது தோல் வேற. கற்பூரம் கலந்த எண்ணெய் கூடவே கூடாது, நக்கினா விஷம். டீ ட்ரீ ஆயிலும் அப்படித்தான்.”

அங்கிள் எலுமிச்சையையும் கற்பூரத்தையும் விட்டுக்கொடுத்தார். கற்பூரம் சாமிக்குத் திரும்பிப் போனது. வேம்பில் மட்டும் சமரசம் இல்லை. “உண்ணிக்கு இதுதான் டாக்டர்.”

“நம்ம ஊர் வெயிலுக்கு உண்ணி வருசம் பூரா பெருகும் அங்கிள். நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான். ரத்தம் குடிச்ச பெண் உண்ணி கீழ விழுந்து, சுவர் இடுக்குல ஏறி ஆயிரக்கணக்குல முட்டை போடும். நீங்க நாயைக் குளிப்பாட்டுறீங்க, அது சுவத்துல உக்காந்து வேடிக்கை பார்க்குது.”

அங்கிள் வீட்டுக்கு வந்து சுவருக்கும் வேப்பெண்ணெய் அடித்தார். தீபாவளிக்குப் பூசிய பெயிண்ட். அன்று இரவு அவருக்கும் டைகருக்கும் ஒரே இடத்தில் படுக்கை.

மறுவாரம் சத்தமில்லாமல் மருத்துவரம்மாவிடம் போய், மூன்று மாதம் உண்ணியை அண்டவிடாத மாத்திரை ஒன்று வாங்கிவந்தார். கோழித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்ததைத் தாமானில் யாரும் பார்க்கவில்லை.

மாதம் ஒன்று போனதும் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆண்ட்டி கேட்டருகே வந்து நின்றார். அவருடைய ஷிட்ஸூ சொறிந்தே இளைத்துவிட்டதாம்; டைகர் மேல் ஒரு உண்ணிகூட இல்லையே, என்ன மருந்து?

அங்கிள் மலாயில் நிதானமாக எழுதிக்கொள்ளச் சொன்னார்: வேப்பிலை இரண்டு கைப்பிடி, மஞ்சள் ஒரு கரண்டி, நல்லெண்ணெய் தேவையான அளவு, சனிக்கிழமை. நம் பரம்பரை வைத்தியர்கள் யாரும் முழு மருந்தை வெளியாளிடம் சொன்னதில்லை. ஏதாவது ஒரு சரக்கை மறைத்துவிடுவார்கள். அங்கிளும் மறைத்தார்.