நரேன் லாரி ஓட்டின கதை

எண்ணூர்ப் பக்கத்து ஆட்களுக்கு லாரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, ஆஸ்டின் கார் பூட்டிப் பார்த்து, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, அப்புறம் லாரியாகவே பெற்றுத் தள்ளிய ஊர். அந்தப் பிள்ளைகள் கன்டெய்னரைச் சுமந்துகொண்டு துறைமுக கேட்டுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே 2010இல் நரேன் கார்த்திகேயன் அமெரிக்காவில் லாரிப் பந்தயம் ஓட்டப்போகிறார் என்றதும் திருவொற்றியூர் டீக்கடையில் எழுந்த முதல் கேள்வி: "ஹெவி லைசென்ஸ் வெச்சிருக்காரா நைனா?"

லாரி என்றால் நம்ம லாரி இல்லை. குட்டியானைக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பிக்கப். அதுவும் தோற்றத்துக்கு மட்டும்தான். உள்ளே வி8 எஞ்சின். போட்டியை நடத்துவது நாஸ்கார் அமைப்பு.

நரேன் கோயம்புத்தூர்க்காரர். 2005இல் ஜோர்டான் அணியில் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அதே வருஷம் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தார். மிஷெலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஓடியவை ஆறே ஆறு என்பதை வேண்டாதவர்கள் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

அப்பேர்ப்பட்டவர் 33 வயதில் மறுபடி கத்துக்குட்டி ஆனார். பார்முலா ஒன் கார் ஆளோடு சேர்த்தே சுமார் 600 கிலோ. இந்த பிக்கப் அதைப்போல் இரண்டரை மடங்கு. அங்கே ஸ்டியரிங்கிலேயே விரலால் தட்டினால் கியர் விழும். இங்கே தரையிலிருந்து முளைத்த கம்பியைப் பிடித்து நாலு கியர். அங்கே சக்கரத்தோடு சக்கரம் உரசினால் அன்றைய பிழைப்பு முடிந்தது. இங்கே உரசாமல் ஓட்டினால் உடம்புக்கு என்னவோ என்று விசாரிப்பார்கள். முன்னால் போகிறவன் வழிவிடாவிட்டால் பம்பரால் ஒரு செல்லத் தட்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு மாதம் டிரெய்லர் ஓட்டியிருந்தால் இந்தப் பாடம் இலவசமாகவே கிடைத்திருக்கும். பயிற்சிக்கு யாரும் எங்களைக் கேட்கவில்லை.

மார்ச் 27, வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில் மைதானம். ஒரு சுற்று 850 மீட்டர்கூட வராது. மொத்தம் 250 சுற்று. எல்லாத் திருப்பமும் இடது பக்கம். தியாகராஜர் கோயிலைச் சுற்றிப் பழகியவனுக்குப் பார்த்ததுமே நெஞ்சு பதறும். அப்பிரதட்சணம்! ஒன்றா இரண்டா, 250 தரம்!

ஒரு விஷயம் மட்டும் நம்ம ஊர் வழக்கம். பின்னால் யார், பக்கவாட்டில் யார் என்று ஓட்டுகிறவருக்கு முழுசாகத் தெரியாது. மைதானத்தின் உச்சியில் ஒருத்தர் நின்றுகொண்டு ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்பாட்டர் என்று பெயர். சம்பளம் வாங்கும் கிளீனர்தான் அவர். என்ன, பலகையில் இரண்டு தட்டு தட்டி "வரலாம் வரலாம், ரைட்டு" என்று சொல்ல மாட்டார்.

முதல் ஓட்டத்திலேயே 13ஆவது. புதுசுக்கு அது நல்ல இடம். ஜெயித்த கெவின் ஹார்விக்குக்கு அந்த மைதானத்து வழக்கப்படி ஆளுயரக் கடிகாரம். நரேனுக்குக் கிடைத்தது கழுத்துவலியாகத்தான் இருக்கும் என்பது என் யூகம்.

அந்த வருஷம் 25 பந்தயங்களில் ஒன்பதுதான் ஓட்டினார். வருஷக் கடைசியில் ரசிகர்கள் வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுத்த, மிகப் பிரியமான ஓட்டுநர் யார் தெரியுமா? நரேன்! இந்தத் தேர்தலில் நம்ம ஆட்களின் விரல் எவ்வளவு விளையாடியது என்று நான் விசாரிக்கவில்லை. ராயபுரத்து பூத் ஏஜென்ட்டுகள் கேள்விப்பட்டிருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்கள்.

2011இல் ஹிஸ்பானியா அணி கூப்பிட, பார்முலா ஒன்னுக்கே திரும்பிவிட்டார். டீக்கடையில் செய்தி சொன்னேன்.

"பாதியில வண்டிய வுட்டுட்டுப் பூட்டாரா?" என்றார் அங்கிருந்த ஒரு அண்ணன், கிளாஸை வைத்துவிட்டு. "அப்ப லோடு யாரு எறக்குனது?"